வலம்புரி முடிச்சு

இதோ, எழும்புகிறது. இல்லை, அது பாசி. கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கொத்துக் கடற்பாசியை முடிச்சு என்று நினைத்துவிட்டேன், முடிச்சு இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. முன்னால் போகும் தொம்மையின் ஃபைபர் வள்ளம் ஓர் அலையில் ஏறும்போது கயிறு விறைக்கிறது, விறைத்ததும் அதன் நடுப்பகுதி தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு மேலே வருகிறது, முடிச்சு அங்கேதான் இருக்கிறது, ஆனால் நான் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் வள்ளம் அலையிலிருந்து இறங்கிவிடுகிறது, கயிறு தொய்ந்துவிடுகிறது, முடிச்சு மறுபடி கடலுக்குள். கண்ணாடியில் வேறு உப்பு படிந்திருக்கிறது. துடைக்கலாம் என்றால் துடைக்கிற நேரத்தில் அது மேலே வந்து தொலைத்துவிட்டால்? தடித்த பச்சை நைலான் வடம் தொம்மையுடையது. மெல்லிய வெள்ளைக் கயிறு எங்களுடையது. காற்றில்லாமல் நின்றுபோன எங்கள் பாய்ப்படகை இழுத்துக்கொண்டு போக இரண்டில் எதுவும் தனியாகப் போதாது என்பதால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது, போட்டவன் நான், படகின் முன்முனையில், இந்த அணியத்தில் மண்டியிட்டு, இதே இரண்டு கைகளால், சற்று முன்னால். என்ன முடிச்சுப் போட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

போட்டது ஞாபகம் இருக்கிறது, அதுதான் கொடுமை. வெயில் முதுகில் சுட்டது, வடத்தில் மீன் கவிச்சி அடித்தது, தொம்மை தன் வள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு, "சார், எங் கயிறு கட்டயா கெடக்கு, ஒங்க கயித்தயும் சேத்துப் போடுங்க, இல்லன்னா ரெண்டு வள்ளமும் முட்டிக்கிடும்" என்று சொன்னது, நான் "கயிறு இல்ல தொம்மை, வடம்" என்று திருத்தியது, "சரி சார், வடம்" என்று அவன் சிரித்தது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. பச்சை முனையை இடது கையில் வாங்கினேன், வெள்ளை முனையை வலது கையில் எடுத்தேன், அதற்குப் பிறகு ஒரு வெள்ளை இடம், அதற்குப் பிறகு நான் பாயை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் கைகள் என்ன செய்தன? கைகளைக் கேட்டால் சொல்லாது. கல்லூரியில் நான் விலங்கியல் பாடம் எடுத்தேன், சம்பளம் அதற்குத்தான், ஆனால் மாலையில் என்.சி.சி. கடற்படைப் பிரிவுக்கு அதிகாரி, வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக, மாணவர்களைக் கண்ணைக் கட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடச் சொல்லி உயிரை எடுத்தவன். "உன் மூளை மூழ்கிப்போனாலும் உன் கை நீந்த வேண்டும்" என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்வேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது கை நீந்தியதா இல்லையா என்று தெரியாமல் அதே வாத்தியார் ஒரு பாசியைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறார்.

இருப்பது இரண்டு சாத்தியம். ஒன்று ரீஃப் நாட், பார்க்க அழகு, தட்டை, இரு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டு கொக்கிகள் ஒன்றையொன்று கைகுலுக்குவது போல, பார்சல் கட்டும் எல்லோருக்கும் பிறவியிலேயே வருவது. பாயைச் சுருக்கிக் கட்டுவதற்காகப் பிறந்த முடிச்சு அது, ஒரே கயிற்றின் இரண்டு முனைகளுக்கானது. தடித்ததையும் மெலிந்ததையும் அதில் சேர்த்தால் இழுக்க இழுக்க மெலிந்தது நழுவும், முடிச்சு புரண்டு படுத்துக்கொள்ளும், பிறகு முடிச்சே இல்லை. மற்றது ஷீட் பெண்ட். தடித்த வடத்தைக் கொண்டை ஊசி போல மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மெல்லிய கயிறு அந்த மடிப்புக்குள் கீழிருந்து மேலே வரும், மடிப்பின் கழுத்தைச் சுற்றும், சுற்றிவிட்டுத் தன் அடியிலேயே நுழைந்துகொள்ளும். பார்க்க அவலட்சணம். ஆனால் இழுக்க இழுக்க இறுகும். இதில் என்ன யோசனை, தடிப்பும் மெலிவும் என்றால் ஷீட் பெண்ட், எழுபது சதவீத மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிற பதில். அப்படியானால் ஏன் பயப்படுகிறேன் என்றால், கையில் வாங்கிய அந்தக் கணத்தில் எனக்குள் பார்சல் கட்டும் ஒரு மனிதன் இருந்தான் என்று தோன்றுகிறது. நூலைப் பல்லால் கடித்து, வலம் மேல் இடம், இடம் மேல் வலம் என்று முணுமுணுத்தது போல ஒரு நிழல். அது இன்றைய நிழலா, பழைய கிறிஸ்துமஸ் பார்சல் ஒன்றின் நிழலா? ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன், என்னோடுதான். கரை சேர்ந்ததும் முடிச்சைப் பார்ப்பேன். ஷீட் பெண்ட் என்றால் எனக்கு ஒன்றுமில்லை, வயசு, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான், என் மனைவி ரூபாவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரீஃப் நாட் என்றால் சொல்லிவிட வேண்டும். இன்றே. நடுக்கடலில் அவிழ்ந்துவிட்டாலும் சொல்லிவிட வேண்டும், அப்போது சொல்லவே தேவை இருக்காது, நீரோட்டம் எங்களைத் துறைமுகத்துப் பாறாங்கற்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது அவளே புரிந்துகொள்வாள்.

"என்ன கேடட், கயித்துக்கு ஜெபம் பண்றீங்களா?" பின்னாலிருந்து ரூபவதி. அவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முதுகு அவளுக்குத் தெரியும், இது நியாயமான ஏற்பாடு அல்ல. மனைவி கணவனைக் கேடட் என்று கூப்பிடுவது எங்கள் சர்ச்சில் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் முதன்முதலில் பார்த்தபோது நான் கேடட், அவளும் கேடட், அதற்குப் பிறகு நான் எவ்வளவோ ஆகிவிட்டேன், அவள் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "இழுவை சீரா இருக்கான்னு பாக்கிறேன்" என்றேன். "சீராத்தான் இருக்கு. நீங்க வெயில்ல தலையைக் காட்டாம தொப்பியைப் போடுங்க, தொப்பி, வலது பக்கம் கிடக்குது பாருங்க, தொப்பி." கொஞ்ச நாளாக இவளுக்கு இப்படி ஒரு பழக்கம், எந்தப் பெயரையும் இரண்டு தடவை சொல்வது. மீன் வாங்கப் போகும்போது "ஊளி வாங்கிட்டு வாங்க, ஊளி" என்பாள். "சாம்சன் போன் பண்ணினாங்க, உங்க பழைய ஸ்டூடண்ட் சாம்சன்" என்பாள். வயதானால் பேச்சு வளரும் என்று விட்டுவிட்டேன். வலது பக்கம் என்று வேறு சொல்கிறாள், படகில் ஏறினால் வலது இடது கிடையாது, அணியத்தைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட், இடக்கைப் பக்கம் போர்ட், ஏன் என்றால் மனிதன் திரும்பி நின்றால் அவனுடைய வலது இடது மாறிவிடும், படகுக்கு மாறாது. இதை அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குத் தெரியும். எனக்கும் முன்னால் தெரியும். வாயை மூடிக்கொண்டு தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.

சொற்களைச் சொல்லிப் பார்க்கலாம், யாருக்கும் கேட்காமல். பாய். பாய்மரம். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் மூலையைப் பிடித்து இழுத்துக் காற்றுக்குத் தக்கபடி வைக்கும் கயிறு தாமான், அதைத்தான் ஆங்கிலத்தில் ஷீட் என்கிறான், முதல் வருஷத்துப் பையன்கள் எல்லோரும் ஷீட் என்றால் பாய் என்று எழுதுவார்கள், நான் சந்தோஷமாகச் சுழிப்பேன். பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு பருமல், எங்கள் படகில் அது இல்லை, இருந்தாலும் சொல்லிவைப்போம். சுக்கான், நங்கூரம், அணியம். கரையில் கயிறு கயிறுதான், படகில் ஏறிவிட்டால் அதற்கு வேலை கிடைத்துவிடுகிறது, வேலை கிடைத்ததும் பெயர் கிடைத்துவிடுகிறது. ஓய்வு பெற்றதும் பெயர் போய்விடுமா? சும்மா கேட்கிறேன். எல்லாம் வருகிறது, பார், எல்லாம் வருகிறது, பழைய தமிழ்ச் சொல்லும் வருகிறது ஆங்கிலமும் வருகிறது, ஒன்றைத் தவிர. என் முழங்காலுக்கு முன்னால், பலகையில் திருகி வைத்திருக்கிறதே, இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு, வெள்ளைக் கயிற்றின் இந்த முனையை எட்டு வடிவத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறேனே, இது. இதன் பெயர். ஆட்டுக்கிடா தலை மாதிரி. கிடா இல்லை. ஆங்கிலச் சொல், சின்னச் சொல், தொம்மைக்குக்கூடத் தெரிந்த சொல். இந்தச் சாமானை நானே கடையில் வாங்கினேன், பெயர் சொல்லித்தானே வாங்கியிருப்பேன்? பித்தளையில் இருக்கிறதா என்று கேட்டேன், எது பித்தளையில் என்று கேட்டேன்? கேட்ட வாக்கியம் முழுசாக இருக்கிறது, நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை, நாக்கு அங்கேயே போய்ப்போய் நிற்கிறது.

மீன் மார்க்கெட்டிலும் இப்படித்தான் ஆனது. விலங்கியல் பேராசிரியர், மன்னார் வளைகுடா மீன்களுக்கு லத்தீன் பெயர் சொல்வார், ஒரு சாதாரண மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாயில் எதுவும் வரவில்லை. "அந்த வெள்ளையா இருக்கிறது" என்றேன். மீன்கார அம்மா அன்னபாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பேரு சொல்லிக் கேட்டா வெல கூடீரும்னு பயமா வாத்தியாரே? பெரிய ஆளுதான்" என்றாள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கஞ்சன் என்ற பெயர் எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்து நடந்து வந்தவன் நாங்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகை வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன், ஒரு நாய் குரைத்ததும்தான் எங்களிடம் நாய் இல்லையே என்று யோசித்தேன். பெங்களூரிலிருந்து ஜெமிமா வீடியோவில் பேசும்போது, "அப்பா, இதை இப்பதானே சொன்னீங்க" என்றாள். "நல்ல கதை என்றால் இரண்டு தடவை சொல்லலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் இருக்கிறார், பார்த்துவிட்டு வந்துவிடலாம், சும்மா ஒரு செக்கப் என்று அப்புறம் தனியாக எனக்கு மட்டும் போன் செய்து சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். ரூபாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி, தூக்கம் சரியில்லை, நான் இருக்கிறேன் என்ற ஒரு தைரியத்தில் இருப்பவள். அந்தத் தைரியத்தை எப்படி எடுத்துக்கொள்வது? வந்தது! வந்துவிட்டது, மேலே, தெளிவாக, ஒரு குமிழ் போல, பச்சையும் வெள்ளையும். போய்விட்டது. தட்டையாக இருந்ததா? குமிழாகத்தான் இருந்தது. நனைந்தால் எல்லா முடிச்சும் குமிழாகத்தான் தெரியும்.

கயிற்றறை என்று ஒன்று இருந்தது கல்லூரியில், மைதானத்து மூலையில், தகரக் கூரை. உள்ளே நுழைந்தால் தாரும் தேங்காய் நாரும் ஈரமும் கலந்த வாசனை, இன்றைக்கும் எங்கேயாவது ரோடு போட்டால் நான் நின்று மூக்கை நீட்டுவது அதனால்தான். பெட்டி ஆஃபீசர் குருவிலா கடற்படையிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார், கோட்டயத்துக்காரர், அவருடைய தமிழில் அதட்டல் வார்த்தைகள் மட்டும் சுத்தமாக இருக்கும். எங்கள் கல்லூரியில் அந்த வருஷம்தான் பெண்களையும் கடற்படைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள், அதில் ஒருத்தி வணிகவியல் ரூபவதி, எண்ணெய் வைத்து இறுக்கிய ஒற்றைப் பின்னல், தொப்பி காதில் நிற்கும். முடிச்சுப் பரீட்சை. எல்லோரும் நீட்டிக் காட்ட வேண்டும், குருவிலா பார்த்துக்கொண்டே போவார். அவள் முடிச்சின் முன் நின்றுவிட்டார். "இது எந்தா? எல்லாம் திரிஞ்ஞு கெடக்குதல்லோ. வால் தப்பான பக்கம் வந்திருக்கு. பூஜ்யம்." அவளுக்கு இடக்கைப் பழக்கம். கரும்பலகைப் படத்தில் எந்தப் பக்கம் கயிறு சுற்றுகிறதோ அவள் கையில் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு வாலும் ஒழுங்காக ஒரே பக்கம்தான் இருந்தன, முடிச்சில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடியில் பார்த்த ஷீட் பெண்ட், அவ்வளவுதான். அவள் அழவில்லை. "இழுத்துப் பாருங்க சார். பிடிச்சா சரி, பிடிக்கலைன்னா தப்பு" என்றாள். இங்கேதான் வரிசையில் இருந்து ஒருவன் வாயைத் திறந்தான், கேட்காமலே, விலங்கியல் முதல் வருஷம், முந்தின வாரம்தான் சங்கைப் பற்றிப் படித்திருந்தான்.

"சார், அனுமதி வேணும் சார். அது தப்பு இல்ல சார், வலம்புரி" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் விடவில்லை. சங்கை எப்படித் திருப்பினாலும் அதன் சுழி மாறாது, லட்சத்தில் ஒன்று எதிர்ப்பக்கம் சுழிக்கும், அது ஊனம் என்று யாரும் சொல்வதில்லை, பட்டுத் துணியில் வைக்கிறார்கள். அதுவும் சார், வெள்ளைக்காரன் அதே சங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இடது என்கிறான், நாம் வலது என்கிறோம், ஆகவே இடது வலது என்பதே யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்த... முடிக்கவிடவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடு என்றார், நிறுத்தச் சொல்லும் வரை. ஓடிக்கொண்டே பார்த்தேன், அவள் முடிச்சின் இரு முனைகளிலும் பையன்களை நிறுத்தி இழுக்கச் சொல்லியிருந்தார் குருவிலா, வடம் இழுக்கும் போட்டி மாதிரி, முகமெல்லாம் சிவந்து, குதிகால் மண்ணில் உழுது, முடிச்சு அசையவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பிடிச்சுதா இல்லையா?" என்று கேட்டது மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்டது. அவளுக்குப் பூஜ்யமும் நிற்காமல் முழு மதிப்பெண்ணும் கிடைக்காமல் அந்தப் பரீட்சை முடிந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் மக்ரூன் வாங்கித் தந்தாள், காகிதக் கூம்பில், "வக்கீல் ஃபீஸ்" என்றாள். இடது கையால் நீட்டினாள். இடது கையால் தந்ததை வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் என் வலது கைக்கு நேராகத்தான் நீட்டினாள், வாங்கினேன். வாயில் போட்டால் இருக்கும், உடனே இல்லாமல் போகும், முந்திரி வாசனை மட்டும் நிற்கும். அன்று அவள் தோளுக்குப் பின்னால் துறைமுக விளக்கு எரிந்ததா, அல்லது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா? எரிந்தது. யார் கேட்டாலும் எரிந்தது என்றுதான் சொல்வேன். அதன் பிறகு இத்தனை வருஷமும் அவள் கட்டுகிற எதைப் பார்த்தாலும், மூட்டை, கொடிக்கயிறு, ஜெமிமாவின் ஷூ லேஸ், "வால் தப்பான பக்கம்" என்று நான் குருவிலா குரலில் சொல்ல வேண்டும், "பிடிச்சுதா இல்லையா?" என்று அவள் கேட்க வேண்டும். சலிக்கவே இல்லை. மற்றவர்களுக்குச் சலித்திருக்கும்.

"இந்தாங்க." தோளுக்கு மேலே ஒரு கை, இடது கை, அதில் மக்ரூன். சுக்கானை முழங்காலில் இடுக்கிக்கொண்டு எட்டி நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டேன், திரும்பவில்லை, திரும்பினால் முடிச்சு மேலே வரும் என்பது நிச்சயம். காலையில் கரைக்காற்று எங்களை ஒழுங்காக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது, முயல் தீவைத் தாண்டியதும் நின்றுவிட்டது, கடல்காற்று வந்து வீட்டுக்குத் தள்ள வேண்டும், வரவில்லை, பாய் துவைத்த வேட்டி போலத் தொங்கியது. அப்போதும் மக்ரூன்தான் தின்றோம். டப்பாவை அவளிடம் கொடுத்தேன். "இதுதாங்க சொகம்" என்றாள், "போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம்." அவளுக்காகத்தான் இந்தப் பழைய படகை வாங்கிப் புதுப்பித்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், உண்மையில் கொம்பு வைத்த இந்தச் சாமானையும் கப்பியையும் பித்தளையில் வாங்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. கொம்பு. கொம்பு வைத்த. க-வில் ஆரம்பிக்கிறதா? ஆங்கிலத்தில் சி. சி-யில் ஆரம்பிக்கிறது, இருக்கட்டும், அதை அப்படியே பிடித்துக்கொள், பயமுறுத்தாதே, கோழியைப் பிடிப்பது போல மெதுவாக. தொம்மை திரும்பிப் பார்க்கிறான். வள்ளத்தில் அவனோடு வந்திருக்கும் மச்சான் மோட்டாரைக் கூட்டுகிறான். "சார், கல்லுப் பக்கம் வாட்டம் ஜாஸ்தி, தண்ணி இழுக்குது, நல்லாப் பிடிச்சுக்கிடுங்க!" என்று கத்துகிறான் தொம்மை. கயிறு ஒரேயடியாக விறைத்தது, படகு உதறியது, எங்கள் வலப்புறம், ஸ்டார்போர்ட், துறைமுகத்துப் பாறாங்கற்களில் அலை உடையும் சத்தம் பக்கத்தில் கேட்டது. கோழி பறந்துவிட்டது. முடிச்சு இப்போது தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது, இறங்கவில்லை, முழு எடையும் அதன் மேல், இழைகளிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது, வெயில் நேராக அதன் பின்னால், கறுப்பு உருண்டையாகத் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. இப்போது அவிழ வேண்டும், அவிழ்வதாக இருந்தால். ரீஃப் நாட் இந்த உதறலைத் தாங்காது. மெல்லியது நழுவ ஆரம்பித்திருக்கும். ஆண்டவரே, எனக்காக இல்லை, அவளுக்கு நீச்சல் நன்றாக வரும், முழங்கால்தான். அவள் முழங்காலை நினைத்துக்கொண்டு நான் கையில் மக்ரூனைப் பொடியாக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் என்ன செய்கிறாள்? பாட்டுப் பாடுகிறாள். மெதுவாக, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, ஆல்ட்டோவின் கீழ்க்குரலில். கயவாளி, பயமே இல்லை. அந்த முடிச்சை இவ்வளவு நம்புகிறாள். நான் போட்டேன் என்பதற்காக நம்புகிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கற்களைத் தாண்டிவிட்டோம். பிடித்துக்கொண்டது. தண்ணீர் தட்டையாகிவிட்டது, கலங்கலாக, கரையோரத்து டீசல் வாசனையோடு. பிடித்துக்கொண்டது என்றால் ஷீட் பெண்ட்! நான் போட்ட ஷீட் பெண்ட்! கை நீந்தியிருக்கிறது! எவ்வளவு அசட்டுத்தனம், ஒரு கணம் மறந்தால் என்ன, கை மறக்கவில்லையே, திருநெல்வேலி எதற்கு, டாக்டர் எதற்கு, சாயங்காலம் ஜெமிமாவுக்குப் போன் செய்து வேண்டுமென்றே அதே கதையை மூன்றாம் தடவை சொல்ல வேண்டும். தொம்மை தன் பக்கத்து முனையை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு இடுப்பளவு ஆழத்தில் நின்றான். நான் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன், வெள்ளை, வெள்ளை, வெள்ளை, ஈரக் கயிறு மடியில் விழுந்துகொண்டே இருந்தது, பிறகு முடிச்சு என் கைக்கு வந்தது. ஷீட் பெண்ட்தான். மடிப்பு சரி, கழுத்தைச் சுற்றியது சரி, இரண்டு வாலும் ஒரே பக்கம், பாடப் புத்தகத்தில் போடலாம். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தேன், இனி அவசரம் இல்லையே. மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன், சும்மா, அழகு பார்க்க.

சுற்று எதிர்ப்பக்கம் போயிருந்தது. திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் சுழி மாறாது, எனக்குத் தெரியாதா? என் கை இப்படிக் கட்டாது, ஆயுசுக்கும் கட்டியதில்லை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் வந்தாள், "நகருங்க, மக்ரூன் டப்பாவை எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு என்னை உரசிக்கொண்டு போய் அணியத்தில் குனிந்தாள். டப்பா அவள் காலடியில் அல்லவா இருந்தது, நான்தானே கொடுத்தேன். தொம்மைகூட, "சரியாயிட்டாம்மா?" என்று கேட்டான், "சரியாயிட்டு" என்றாள், நான் டப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படியானால் நான் போட்டது என்ன என்று அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, அவிழ்த்து, கட்டி, ஒரு வார்த்தை சொல்லாமல் போய் சுக்கானில் உட்கார்ந்திருக்கிறாள். ஊளி, ஊளி. தொப்பி, தொப்பி. உங்க பழைய ஸ்டூடண்ட் சாம்சன். எத்தனை மாதமாக இப்படி என் பின்னாலேயே வந்து கட்டிக்கொண்டிருக்கிறாள்?

திரும்பினேன். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் சிவந்து, மூக்கு நுனியில் உப்பு, கண் என் கையிலிருக்கும் முடிச்சின் மேல். பாட்டை நிறுத்திவிட்டாள். "வால் தப்பான பக்கம் வந்திருக்கு" என்றேன். குருவிலா குரல் வரவில்லை, என் குரல்தான் வந்தது. "பிடிச்சுதா இல்லையா?" என்றாள். "பிடிச்சுது" என்றேன். ஒப்பந்தப்படி முடிச்சு ஷீட் பெண்ட், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கட்டியது யார் என்று ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிட்டேன். தொம்மை தண்ணீரில் நின்றுகொண்டு தன் வடத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நான் முழங்காலுக்கு முன்னால் இருந்த அந்தப் பித்தளைச் சாமானைத் தொட்டேன், சூடாக இருந்தது, இரண்டு கொம்பும். "ரூபா" என்றேன், "இதுக்குப் பேரு என்ன?"

அவள் சாமானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "க்ளீட்" என்றாள், ஒரே ஒரு தடவை. "மூணெழுத்துக்கா இவ்வளவு நேரம் முதுகை வளைச்சு உட்கார்ந்திருந்தீங்க? திரும்பிக் கேட்டா என்ன? கயித்தை அவிழுங்க கேடட், தொம்மை எவ்வளவு நேரம் தண்ணியில நிப்பான்."